பெரியவர் தூக்கினால் சின்னவரும் தூக்குவார்

கோகிலவாணி செய்த லிஃப்ட் பாதி உயரம் ஏறியதும் நின்றுவிட்டது. சங்கிலி அறுந்து போகவில்லை. பல்சக்கரம் சிக்கிக்கொள்ளவில்லை. பேட்டரியில் சார்ஜ் தாராளமாக இருந்தது. வலது தூணின் அடியில் இருந்த மோட்டார்தான் தன் சின்ன ஸ்பீக்கர் வழியாகக் காரணத்தைச் சொன்னது.

"இடப்பக்க மோட்டார் தனது பங்கைக் குறைத்துக்கொண்டுள்ளது. எனவே நானும் குறைத்துக்கொண்டேன்."

இடப்பக்க மோட்டார் அதைக் கேட்டுவிட்டு, முதலில் குறைத்தது வலப்பக்கம்தான் என்று எதிர்வாதம் செய்தது. இரண்டும் விவாதித்துக்கொண்டிருந்தபோதே நடுவில் இருந்த தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதிலிருந்த மணல் பெட்டி நழுவி பூபதியின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும்.

உடுமலைக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு பொறியியல் கல்லூரி அது. வாணி இறுதியாண்டு மெக்கானிக்கல். பூபதி அதே ஆண்டு, புரோகிராம் எழுதுபவன். கோவையில் நடக்கும் மாணவர் ரோபோ போட்டிக்காக இருவரும் சேர்ந்து 'கொக்கு' என்றொரு ரோபோவைச் செய்துகொண்டிருந்தார்கள். மைதானத்தில் கிடக்கும் மணல் பெட்டிகளை எடுத்து உயரமான அலமாரியில் அடுக்க வேண்டும், அதுதான் போட்டி. மேல் அடுக்கில் வைத்தால் புள்ளிகள் அதிகம். ஆனால் அந்த உயரத்துக்கு அந்த எடையைத் தூக்க ஒரு மோட்டாருக்குச் சக்தி போதாது. அதனால் வாணி இரண்டு தூண் நட்டு, தூணுக்கு ஒரு மோட்டார் வைத்து, நடுவில் தட்டைத் தொங்கவிட்டிருந்தாள். வரைபடத்தில் அது அழகாக ஏறி இறங்கியது.

இந்த வருஷம் ஜெயித்தே ஆக வேண்டிய நிலைமை. தொடர்ந்து பல வருஷமாக ஒரு கோப்பையும் வராததால், ரோபோ அறையைக் காலி செய்து ஜூஸ் கடைக்கு விடப்போவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். ஜூஸ் கடைக்காரர் ஏற்கெனவே வந்து ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ரோபோவை ஓட்டுவதற்காகப் புதிதாக வந்து சேர்ந்த ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. வீட்டில் மோட்டார் என்றால் தண்ணீர் ஏற்றுகிற பழைய பம்புசெட்தான், அது ஒருநாளும் வாய் பேசியதில்லை. "மோட்டாருக்கு எதுக்குண்ணே வாயி? குடுக்காமலே இருந்திருக்கலாம்லா" என்று பூபதியிடம் கேட்டாள்.

பூபதி கட்டைவிரலைத் தடவிக்கொண்டே விளக்கினான். சில வருஷங்களுக்கு முன்னால் அளவுக்கு மீறி பாரம் ஏற்றி லிஃப்டுகளும் கிரேன்களும் அங்கங்கே எரிந்துபோனது, அதற்கப்புறம் சட்டம் வந்தது, இந்த அளவுக்கு மேற்பட்ட எந்த மோட்டாரையும் ஒரு கம்ப்யூட்டர் சில்லு வைத்தே விற்க வேண்டும் என்பதெல்லாம் சொன்னான். "முடியாத பாரத்தை முடியாதுன்னு சொல்ற உரிமை அதுக்கு உண்டு. சொன்னாக் காரணமும் சொல்லணும், நமக்குப் புரியற மொழியில. ரெண்டு மோட்டாரைச் சேத்துப் போட்டா, ஒண்ணு படற பாடு இன்னொண்ணுக்குத் தெரியணும். ஒண்ணு தலையிலயே எல்லாத்தையும் கட்டிடக் கூடாதில்ல, அதுக்காக."

"நல்ல சட்டந்தானே?"

"நல்ல சட்டந்தான். அதான் பிரச்சனை" என்றான் பூபதி.

ஒரே பெட்டியில் வந்த மோட்டார்கள் அவை. எண் வரிசையில் இடது பக்கம் முந்தியது என்பதால் அதற்குப் பெரியவர் என்றும், மற்றதற்குச் சின்னவர் என்றும் பெயர் விழுந்தது. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் மாதிரி, அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதிலேயே இருவருக்கும் பொழுது போனது. பெரியவர் மூச்சு வாங்க ஒரு கணம் தளர்ந்தால் சின்னவரும் தளர்வார். சின்னவர் தளர்ந்துவிட்டாரே என்று பெரியவர் இன்னும் கொஞ்சம் தளர்வார். இப்படியே மாறி மாறி நியாயம் பார்த்து, தட்டு தரைக்கு வந்துவிடும்.

வாணி தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். பல்சக்கரத்தை மாற்றினாள். பாரம் குறைந்தது, வேகமும் குறைந்தது. பெட்டி மேல் அடுக்குக்குப் போய்ச் சேருவதற்குள் போட்டி முடிந்து எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள் போலிருந்தது. தூண்களில் ரப்பர் பட்டைகளைக் கட்டி, பாதி எடையை அவை தாங்கும்படி செய்தாள். மோட்டார்கள் இரண்டும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. பாதியைத் தாங்குகிற பட்டை முழுவதையும் தாங்கினால் என்ன என்று கேட்டன.

பிறகு பூபதி ஒரு திரையை மாட்டினான். யார் எவ்வளவு தூக்குகிறார் என்பது நொடிக்கு நொடி அதில் தெரியும், கண்ணால் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது அவன் கணிப்பு. அன்று முழுக்க இரண்டும் புள்ளிக்கு அப்புறம் வருகிற எண்ணுக்காகச் சண்டை போட்டன. மாலையில் வாணியும் பூபதியும் சண்டை போட்டுக்கொண்டார்கள். திரை மாட்டியது யார், மாட்டச் சொன்னது யார், போட்டி அட்டையில் யார் பெயர் முதலில் வரும் என்று அது எங்கெங்கோ போனது. ஜெசிந்தா நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி, யார் பக்கமும் சேராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அணியின் வழிகாட்டி பேராசிரியர் திருமலைசாமி. எதைக் கேட்டாலும், "நல்லா யோசிங்க அம்மணி, வரும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் இந்தக் கதைக்குச் செய்த பேருதவி, ஒருநாள் வெயிலில் வந்து தன் ஈரத்துண்டை உலர்த்த இடம் தேடிச் சின்னவரின் மேல் போட்டதுதான். காற்றுத் துளைகள் அடைபட்டுச் சின்னவர் சூடேறிவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த நிலையில் வாணி வழக்கம்போல பட்டனை அழுத்தினாள்.

தட்டு ஏறியது. பாதியைத் தாண்டியது. நிற்காமல் மேல் அடுக்கைத் தொட்டது.

திரையில் பார்த்தால் கிட்டத்தட்ட முழு பாரமும் பெரியவர் தலையில் இருந்தது. அவர் ஒரு சொல்லும் முனகவில்லை. வாணி துண்டை எடுத்து எறிந்துவிட்டு, ஏன் என்று கேட்டாள். இத்தனை நாளில் அவை ஆபீஸ் தமிழை விட்டுவிட்டு அந்த அறையின் பேச்சுக்கு வந்திருந்தன.

"அவருக்கு உடம்பு சுடுதுங்க அம்மணி. அப்பப் போயி கணக்குப் பாக்கறதுங்களா?" என்றார் பெரியவர்.

வாணிக்கு என்னவோ போல் ஆனது. பூபதிக்கு யோசனை வந்தது. அன்றே புரோகிராமில் இரண்டு வரி எழுதிச் சேர்த்தான். அவ்வளவுதான் வேலை. இவர் காதில் அவருக்குக் காய்ச்சல், அவர் காதில் இவருக்குக் காய்ச்சல்.

அதற்கப்புறம் கொக்கு பறந்தது. நான் தூக்குகிறேன், நீங்கள் இருங்கள் என்று இரண்டும் போட்டி போட்டதில், பெட்டி தட்டிலிருந்து துள்ளி எழும் வேகத்தில் மேலே போனது. வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. திருமலைசாமி வந்து பார்த்து, யோசித்தால் வரும் என்று தான் சொன்னது பலித்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார்.

வாணிக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் காலையில் அறையைத் திறந்து கரண்ட் கொடுத்ததும் பெரியவர், சின்னவருக்குத் தேவலையா என்று விசாரிப்பார். கொஞ்சம் பரவாயில்லை என்று வாணி சொல்வாள். ஒரு நிமிஷம் கழித்துச் சின்னவர், பெரியவருக்குச் சூடு தணிந்ததா என்பார். அங்கும் அதே பதில். ஒருநாள் சின்னவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னோட பேரிங்கைக் கழட்டி அவருக்குப் போட முடியுமான்னு பாருங்க அம்மணி. எனக்குப் பழசு போதுங்க" என்றார். வாணி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாகவும் இல்லை. இரண்டும் அளவுக்கு மீறி உழைத்ததில் கம்பிச்சுருளில் லேசாகக் கருகல் வாசம் வந்தது. பூபதியிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. செம்புக்கம்பி சுற்றிய உருளைக்கு நோயுமில்லை, நோகவும் செய்யாது என்றான். அப்படியானால் காய்ச்சல் என்றதும் அவை ஏன் அப்படிப் பதறுகின்றன என்று வாணி கேட்டாள். போட்டி முடியட்டும், அந்த இரண்டு வரியையும் நானே அழித்துவிடுகிறேன் என்றான். வாணி ஜன்னலைப் பார்த்தாள். ஜூஸ் கடைக்காரர் போட்டுவிட்டுப் போன சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகு தன் தலை மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கோவையில் ஒரு பெரிய கண்காட்சி மண்டபத்தில் போட்டி நடந்தது. மேல் அடுக்கைத் தொட்ட ரோபோ கொக்கு மட்டும்தான். கூட்டம் அதற்காகவே எழுந்து நின்றது. ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து, இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். எதிரே விருதுநகர் பையன்கள். ஒற்றை மோட்டாரை வைத்துக்கொண்டு நடு அடுக்கிலேயே மளமளவென்று அடுக்கித் தள்ளுகிறவர்கள்.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. நடுவர் வந்து மோட்டார்களிடம் குறை கேட்க வேண்டும். அதுவும் சட்டம்தான். தலைமை நடுவர் உமையாள், காரைக்குடி அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கொக்கின் அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். குறை ஏதும் உண்டா என்று முதலில் பெரியவரிடம் கேட்டார். தனக்கொன்றும் இல்லை, ஆனால் சின்னவருக்கு ரொம்ப நாளாக உடம்பு சரியில்லை, அவருக்கு மட்டும் லீவு கொடுக்க முடியுமா என்றார் பெரியவர். சின்னவரிடம் கேட்டார். அவரும் தனக்கொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, பெரியவருக்காக அதே லீவைக் கேட்டார்.

உமையாள் இரண்டு மோட்டாரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஜுரம் பார்ப்பதைப் போலத்தான். இரண்டும் குளிர்ந்து கிடந்தன. பிறகு நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். பூபதி மண்டபத்தின் கூரையை ஆராய்ந்தான். திருமலைசாமி டீயை ஆற்றினார். ஜெசிந்தா வாணியைப் பார்த்தாள்.

வாணி ஸ்டூலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நடுவரிடம் அவள் பேசவில்லை. மோட்டார்களிடம்தான் சொன்னாள்.

"பெரியவரே, சின்னவருக்கு ஒண்ணுமில்லைங்க. சின்னவரே, அவருக்கும் ஒண்ணுமில்ல. நாங்கதான் பொய் சொன்னோம். அப்படிச் சொன்னாத்தான் தூக்குவீங்கன்னு சொன்னோம். தப்புதாங்க."

மோட்டார்கள் ஒன்றோடொன்று பேசின. அதுவரை மனிதர்களிடம் புகார் சொல்லியே பழகியவை, நேருக்கு நேராக நலம் விசாரித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு நெசமாலுமே ஒண்ணுமில்லைங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லைங்க. உங்களுக்குங்க?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க."

"சந்தோசமுங்க."

பிறகு இரண்டு ஸ்பீக்கரும் ஒரே குரலில், இனி தாங்கள் தூக்கப்போவதில்லை என்று அறிவித்தன. பூபதி பதறிப்போய்த் திரையைப் பார்த்தான். இரண்டு பக்கமும் சுத்தமாகப் பூஜ்யம். புள்ளிக்கு அப்புறமும் பூஜ்யம். வாணி இத்தனை காலம் பாடுபட்டுத் தேடிய சமநிலை அங்கே முழுசாக இருந்தது, தட்டு மட்டும் தரையில் கிடந்தது.

உமையாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொய்யை ஒப்புக்கொண்டதால் அணியை வெளியேற்றத் தேவையில்லை, மோட்டார்கள் சம்மதித்தால் ஆடலாம், சம்மதிக்காவிட்டால் எதிரணிக்குக் கோப்பை என்றார். எதிரணிப் பையன்கள் கோப்பையோடு போட்டோ எடுக்கத் தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

என்ன செய்தால் சம்மதிப்பீர்கள் என்று வாணி கேட்டாள். பெரியவர் தொண்டையைச் செருமினார். மோட்டாருக்குத் தொண்டை கிடையாது, திருமலைசாமியிடமிருந்து கற்றுக்கொண்ட பழக்கம்.

"எங்க ரெண்டு பேத்துக்குள்ள இருந்த கணக்கு தீந்துதுங்க அம்மணி. இனி உங்களுக்கும் எங்களுக்கும்தான். நாங்க தூக்கற நேரத்துல நீங்க என்னத்தைத் தூக்குவீங்க?"

மோட்டார்களே நிபந்தனையைச் சொல்லின. தாங்கள் தூக்குகிற அதே பெட்டி ஆளுக்கொன்று. தலைக்கு மேலே பிடிக்க வேண்டும். அலமாரியைத் தேடுவதற்காகக் கொக்கின் நெற்றியில் ஒரு கேமரா உண்டு, அதன் கண் படும்படி நிற்க வேண்டும். ஓட்டுகிற பெண்ணுக்கு வேலை இருக்கிறது, அவளை விட்டுவிடலாம். "டீ குடிக்கறவரு நிக்கட்டுங்க" என்றார் சின்னவர்.

ரோபோவைத் தொடக் கூடாது என்றுதான் விதியில் இருந்தது. எல்லைக்கு வெளியே நின்று மனிதர்கள் பெட்டி தூக்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உமையாள் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு, தூக்கலாம் என்றார். பூபதி மைதானத்தை ஒட்டியிருந்த கிடங்குக்கு ஓடி, மூன்று பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான்.

விசில் ஒலித்தது. மண்டபமே சிரித்தது. ஒரு பக்கம் ரோபோ பெட்டியைத் தூக்க, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரு பேராசிரியரும் ஆளுக்கொரு பெட்டியைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். திருமலைசாமியின் சட்டை பேண்ட்டை விட்டு வெளியே வந்து, வயிற்றை ஊருக்குக் காட்டியது. இரண்டு கையும் மேலே இருந்ததால் அவரால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. நடுக்கத்தை மறைக்க அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே இருந்த விளம்பரப் பலகையை முறைத்தார்.

வாணிக்குத் தோள் எரிந்தது. வரைபடத்தில் அந்தப் பெட்டி ஒரு குட்டிச் சதுரம்தான். பக்கத்தில் அதன் எடையைத் தானேதான் எழுதியிருந்தாள், எத்தனையோ தடவை. அந்த எண் இவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கொக்கின் தட்டு சீராக ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் நிதானமாகத்தான் ஏறியது, இவர்கள் தூக்குகிற அளவுக்கு மேல் ஒரு துளியும் கூட்டாமல். எதிரணி அதற்குள் நடு அடுக்கில் பாதியை நிரப்பிவிட்டது.

அப்போது பூபதியின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு முட்டிக்கால். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அப்படியும் அவன் பெட்டியைக் கீழே இறக்கவில்லை. அத்தனை நாள் சண்டை போட்டவள் என்றாலும் வாணிக்கு அவன் மேல் இரக்கம் வந்தது.

"தம்பியால முடியலைங்க" என்றார் பெரியவர். கூட்டத்தின் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. "எல்லாத்தையும் எறக்கச் சொல்லுங்க அம்மணி. நாங்க பாத்துக்கறோம்."

"ஆமாங்க, விடுங்க. போதும்" என்றார் சின்னவர்.

மூவரும் இறக்கினார்கள். கொக்கு வேகமெடுத்தது. ஒரு சாய்வு இல்லை, ஒரு தடங்கல் இல்லை. யார் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தா பெட்டிக்கு மேல் பெட்டியாக எடுத்துக் கொடுக்க, மேல் அடுக்கு நிரம்பிக்கொண்டே வந்தது. வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

கோப்பை விருதுநகருக்குத்தான் போனது. கடைசி விசில் ஒலித்தபோது கொக்கின் ஒரு பெட்டி அலமாரிக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்தது. இரண்டாம் பரிசைத் திருமலைசாமி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போய் வாங்கினார். முதல்வருக்கு போன் செய்தபோது, இரண்டாம் பரிசுக்கு அறையில் பாதியை விட்டுவைக்கலாம், மீதிப் பாதியில் ஜூஸ் கடை வரும் என்று தீர்ப்பு வந்தது. ஜெசிந்தாவுக்கு அதில் வருத்தமே இல்லை. சாத்துக்குடி ஜூஸ் பக்கத்திலேயே கிடைக்கும் என்றாள்.

கூட்டம் கலைந்தது. கொக்கை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், கிடங்கிலிருந்து எடுத்த மூன்று பெட்டிகளைத் திருப்பி வைக்க வேண்டும். கொக்கு இன்னும் மைதானத்தின் ஓரத்தில் கரண்ட் ஓடியபடி நின்றது. அதன் நெற்றிக் கேமரா இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி கையைக் கொஞ்சம் அமுக்கிவிடச் சொல்லுங்கள் என்று மோட்டார்கள் இரண்டும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தன. திருமலைசாமியின் பெட்டியை இரண்டு காவலாளிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். தன்னுடையதை வாணி தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள். மிச்சம் பூபதியின் பெட்டி.

தோள் வலியோடு, குனிந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, வாணி அதைத் தூக்கினாள். பெட்டி அவள் எதிர்பாராத வேகத்தில் முகவாய் வரைக்கும் வந்துவிட்டது. அவசரமாக இடுப்புக்கு இறக்கினாள். லேசாக ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மணல் இல்லை. ஒன்றுமே இல்லை. அட்டையும் காற்றும்தான்.

பூபதியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான். கிடங்கில் நிரப்பாத பெட்டி ஒன்று கிடந்திருக்கிறது. வண்டியில் வைக்கும்போதே தெரிந்து, தெரிந்தேதான் தன் பங்குக்கு எடுத்து வைத்திருக்கிறான். வாணி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து உண்மையைச் சொன்னவள் அவள். இன்னொரு முறை உட்காரவும் அவளால் முடியும்.

கேமரா அவள் பக்கம் மெல்லத் திரும்பியது.

வாணியின் முழங்கால் மடங்கியது. முதுகு வளைந்தது. பெட்டி அவளைத் தரைக்கு இழுத்துக்கொண்டு போவதைப் போல ஓரடி தள்ளாடினாள்.

"பூபதி, ஒத்தையில முடியலடா. அந்தப் பக்கம் கொஞ்சம் புடி" என்றாள்.

அவன் ஓடிவந்து பிடித்தான். இருவரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, முனகி, கையை மாற்றி, கிடங்கு வரைக்கும் அந்த வெற்றுப் பெட்டியைச் சுமந்துகொண்டு போனார்கள்.